கிருமித்தொற்றுக் காலத்தில் சட்டப்படிப்பும் தொண்டூழியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எதற்கு?

2020-ல் நான் சிங்கப்பூரில் சட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தேன். கொவிட்-19 பரவிய அந்த ஆண்டு முழுக்க, தமிழ் பேசும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் எங்கள் வட்டாரத்துக் குடும்பங்களுக்கும் தொலைபேசி வழியாக உதவும் தொண்டூழியக் குழு ஒன்றில் வேலை செய்தேன். இப்போது சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். பிள்ளையைச் சட்டம் படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் கேட்கிறார்கள். பதிலையெல்லாம் ஓரிடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் பயன்படும் என்று நினைத்தேன். சட்ட விவரம் வரும் இடங்களில் அது அன்றைய நிலவரமா, இன்றும் பொருந்துவதா என்று சொல்லியிருக்கிறேன்.

படிப்பின் கடைசி மாதங்கள் எப்படிப் போயின?

சிங்கப்பூரில் முதல் தொற்று 2020 ஜனவரி 23 அன்று உறுதியானது. பிப்ரவரி 7-ல் நோய்ப்பரவலுக்கான நாட்டின் விழிப்புநிலை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்ந்தது. அன்று மாலையே பேரங்காடிகளில் அரிசிக்கும் இன்ஸ்டண்ட் நூடுல்சுக்கும் வரிசை நின்றது. பெரிய வகுப்புகள் முதலில் இணையத்துக்குப் போயின, அப்புறம் சின்ன வகுப்புகளும் போயின. ஏப்ரல் 3-ல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கத்தை அறிவித்தார். ஏப்ரல் 7-லிருந்து ஜூன் 1 வரை நாடே வீட்டுக்குள் இருந்தது.

எங்களுடையது மூவறை வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு. தம்பிக்கு ஏப்ரல் 8 முதல் வீட்டிலிருந்தபடியே பள்ளி. அப்பாவும் வீட்டில். எனக்குச் சாப்பாட்டு மேசைதான் தேர்வு மண்டபம். புத்தகம் பார்த்து எழுதும் தேர்வுகள் என்பதால் மேசை நிறையத் தாள்கள் கிடக்கும். அம்மா சமையலறையில் குக்கரை வைக்காமல், தேர்வு முடியும் வரை காத்திருந்து பிறகு சாதம் வைப்பார். பட்டமளிப்பு விழா குறித்த நேரத்தில் நடக்கவில்லை. வீட்டில் இதற்காக எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவை அலமாரியிலேயே இருந்தது. அம்மாவுக்குத்தான் இதில் வருத்தம் அதிகம். நான்கு வருடம் பிள்ளை படித்ததைக் கண்ணால் பார்க்கும் நாள் அது. அந்த வருத்தத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

தொண்டூழியம் செய்வது சட்ட மாணவர்களுக்குக் கட்டாயமா?

ஆமாம், ஒரு அளவுக்கு. சிங்கப்பூரில் சட்டம் படிக்க மூன்று இடங்கள் உண்டு: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். சட்ட மாணவர்கள் குறைந்தது 20 மணி நேரம் இலவசச் சட்டப் பணி செய்ய வேண்டும் என்ற விதி 2020-க்கு முன்பே இருந்தது. பெரும்பாலோர் கடைசி ஆண்டுக்கு முன்பே அதை முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான். ஆகவே 2020-ல் செய்தது எதுவும் மணிக்கணக்கில் சேராது. யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவும் இல்லை.

விடுதிகளில் என்ன நடந்தது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அப்போது ஏறத்தாழ 323,000 வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளில் இருந்தார்கள். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், சில இடங்களில் இருபது பேர். கட்டில்கள் அடுக்கடுக்காக இருக்கும், குளியலறையும் சமையல் இடமும் பொது. அங்கே ஒருவருக்குத் தொற்று வந்தால் மற்றவர் விலகி நிற்க இடமே கிடையாது. ஏப்ரல் 5-ல் பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியும் தோ குவானில் உள்ள வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டிலும் சேர்த்து 20,000 பேருக்கு நெருக்கம். பிறகு எல்லா விடுதிகளும் அடைக்கப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான அரசாங்கக் கணக்கின்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர்.

அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதால் உயிரிழப்பு மிகக் குறைவு. மருத்துவக் கவனிப்பும் நன்றாகவே கிடைத்தது. ஆனால் அறையை விட்டு வெளியே வர முடியாமல், அடுத்து என்ன என்று தெரியாமல் மாதக்கணக்கில் இருந்தார்கள். எங்களுக்கு வந்த அழைப்புகளில் பாதி அந்தத் தெரியாமையிலிருந்து வந்தவைதான்.

தொலைபேசியில் அப்படி என்ன உதவி செய்ய முடிந்தது?

நானும் முதலில் சட்டக் கேள்விகள்தான் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவை வேறு. "தங்கச்சி, ஸ்வாப் எடுத்து நாலு நாள் ஆச்சு, ரிசல்ட் யார்கிட்ட கேக்குறது?" "பக்கத்துக் கட்டில் ஆளை எக்ஸ்போவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வருவாரா?" "ஊருக்குப் பணம் அனுப்பணும், தேக்காவுல கடை மூடியிருக்கு, போன்லயே அனுப்பலாமாமே, எப்படி?"

தேக்கா என்றால் லிட்டில் இந்தியா வட்டாரம். எக்ஸ்போ என்றால் சாங்கியில் உள்ள கண்காட்சி மண்டபம். லேசான தொற்று உள்ளவர்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அங்கே போனவர் குணமாகித் திரும்பி வருவார் என்ற ஒரு வரியைத் தமிழில், நம்பும்படி ஒருவர் சொன்னால், அந்த அறையில் உள்ள அத்தனை பேரும் அன்று தூங்குவார்கள்.

அடுத்த வேலை, தாள் வாசிப்பது. ஒருவர் தனக்குக் கொடுத்த ஆங்கிலக் கடிதத்தைப் படம் எடுத்து வாட்சாப்பில் அனுப்புவார். நான் வரி வரியாக வாசித்து, தமிழில் சொல்லி, எங்கே கையெழுத்துக் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று விளக்குவேன். பாதிக் கடிதங்கள் சாதாரண அறிவிப்புகள். மீதியில் சில, "சம்பளக் குறைப்புக்கு ஒப்புக்கொள்கிறேன்" என்ற வகை. இந்த இரண்டாம் வகையைப் பற்றி அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன். நான் எழுத விரும்பியதே அதுதான்.

சம்பளப் பிரச்சினை என்று ஒருவர் வந்தால் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

ஐபிஏ கடிதம். வேலை அனுமதிக்கு மனிதவள அமைச்சு முன்கூட்டியே தரும் ஒப்புதல் கடிதம் அது. ஊழியர்கள் எல்லோரும் ஐபிஏ என்றுதான் சொல்வார்கள். ஊழியருக்கு அவருடைய தாய்மொழியிலும் அது கிடைக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு, பிடித்தங்கள் எவ்வளவு என்று அதில் இருக்கும். அதில் சொன்ன சம்பளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் ஊழியரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆகவேதான் அந்தக் கையெழுத்து அவ்வளவு முக்கியம். புரியாமல் போட்ட கையெழுத்தைப் பிறகு மறுப்பது கடினம். "அண்ணே, படிச்சுக் காட்டாம எதுலயும் கையெழுத்து வேணாம், ஒரு நாள் டைம் கேளுங்க" என்று சொல்ல வழக்கறிஞர் பட்டம் தேவையில்லை. அந்த ஒரு நாள் கிடைத்தால், தகுதியான வழக்கறிஞர் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டிவிடலாம்.

இரண்டாவது, சம்பளச் சீட்டு. 2016 ஏப்ரல் முதல், விவரம் பிரித்துக் காட்டிய சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. சம்பளம், சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் வர வேண்டும். மிகைநேரச் சம்பளத்துக்கு, அதாவது ஓட்டிக்கு, 14 நாள்.

மூன்றாவது, கணக்கு. பலர் இங்கேதான் தயங்குகிறார்கள். உதாரணத்துக்கு, அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18 வெள்ளி, மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்வோம். மாத அடிப்படை 468 வெள்ளி. அதை 12-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 5,616. வாரம் 44 மணி, ஆண்டுக்கு 52 வாரம், ஆக 2,288 மணி. வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 வெள்ளி 45 காசு. மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 3 வெள்ளி 68 காசு. இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுக் காட்டிவிட்டால், அடுத்த மாதச் சீட்டை அவரே சரிபார்த்துக்கொள்வார்.

அறந்தாங்கிப் பக்கத்து அண்ணன் ஒருவர் செய்ததை இங்கே சொல்ல வேண்டும். மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில், ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பால்பாயிண்ட் பேனாவால் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் எழுதி வைத்திருந்தார். எட்டு, ஏழரை. எட்டு, பத்து. மழைக்கு நிறுத்திய நாளில் பக்கத்தில் ஒரு சின்னக் குடை வரைந்திருந்தார். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினார். அதற்குப் பக்கத்தில் சம்பளச் சீட்டுகளை வைத்துப் பார்த்தபோது, பிப்ரவரி, மார்ச் மாதங்களின் மிகைநேரம் பாதிகூட வரவில்லை என்று தெளிவாகத் தெரிந்தது. விடுதியில் அடைபட்டிருந்ததால் நேரில் போக வழியில்லை. எங்கள் குழுவை மேற்பார்வை செய்த வழக்கறிஞர் அந்தப் படங்களைத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னார். சமரசப் பேச்சிலேயே அண்ணனுக்குச் சேர வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்தது. நீதிமன்றம் வரை போகவில்லை. அந்தக் காலண்டர் இருந்ததால்தான் அது நடந்தது. என் வேலை அடுக்கியது மட்டும்.

இன்னொன்றும் அப்போது அடிக்கடி கேட்டார்கள்: தனிமைப்படுத்தல் ஆணை வந்த நாள்களுக்குச் சம்பளம் உண்டா? உண்டு. அந்த நாள்களைச் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பாகக் கருத வேண்டும் என்பதே அப்போதைய விதி. முதலாளிகளுக்கும் அரசாங்கம் கை கொடுத்தது. வெளிநாட்டு ஊழியர்களுக்காக முதலாளிகள் அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை ஏப்ரல் மாதத்துக்குத் தள்ளுபடியானது, ஊழியர் ஒருவருக்கு 750 வெள்ளி கழிவும் கிடைத்தது. பெரும்பாலான முதலாளிகள் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பட்டம் பெறாத மாணவர் சட்ட ஆலோசனை சொல்லலாமா?

கூடாது. தகுதி பெறாதவர் வழக்கறிஞர் போலச் செயல்படுவது வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்கீழ் குற்றம். மாணவர் விவரம் கேட்கலாம், மொழிபெயர்க்கலாம், தேதிகளை வரிசைப்படுத்தலாம், பொதுவில் எல்லோருக்கும் கிடைக்கும் தகவலை எடுத்துச் சொல்லலாம். "உங்கள் வழக்கு ஜெயிக்கும்" என்று சொல்லக்கூடாது. எங்கள் குழுவில் ஒவ்வோர் அழைப்பின் குறிப்பையும் வழக்கறிஞர் ஒருவர் பார்த்த பிறகுதான் பதில் போகும்.

கஷ்டமான பகுதி, அழைப்பவர் உங்களையே நம்பி இருக்கும்போது "நான் வக்கீல் இல்லை அண்ணே, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்வது. சொல்லத்தான் வேண்டும். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. சொன்ன நேரத்துக்குத் திரும்பக் கூப்பிட்டால் போதும்.

சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு என்ன மாதிரிப் பிரச்சினைகள் வந்தன?

கல்யாணம்! ஏப்ரல், மே மாதங்களில் முகூர்த்தம் குறித்து, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் அலங்காரத்துக்கும் முன்பணம் கட்டியிருந்தவர்கள் நிறையப் பேர். விழா நடத்த அனுமதியில்லை. முன்பணம் திரும்ப வருமா?

இதற்கென்றே ஏப்ரல் 7-ல் நாடாளுமன்றத்தில் கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைகள் சட்டம் நிறைவேறியது. ஒப்பந்த நிவாரணப் பகுதி ஏப்ரல் 20-ல் நடப்புக்கு வந்தது. 2020 மார்ச் 25-க்கு முன் போட்ட ஒப்பந்தமாக இருந்து, தொற்றால் அதை நிறைவேற்ற முடியாமல் போனால், மறுதரப்புக்கு அப்போது நிவாரண அறிவிப்பு ஒன்றை அனுப்ப முடிந்தது. அனுப்பிவிட்டால் மண்டபக்காரரால் முன்பணத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. பேசித் தீரவில்லை என்றால் சட்ட அமைச்சு நியமித்த மதிப்பீட்டாளர் முடிவு சொன்னார். வழக்கறிஞர் வைக்கத் தேவைப்படவில்லை. அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடும் இருக்கவில்லை. எனக்குப் பிடித்த சட்டம் அது. அவசர காலத்தில் சாதாரண மக்களும் சின்ன வியாபாரிகளும் ஒருவரையொருவர் நீதிமன்றத்துக்கு இழுக்காமல் இருக்க வழி செய்தது. படிவத்தை நிரப்ப உதவுவதற்கு முன், மண்டபக்காரரிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள் என்று சொல்வோம். பலர் தேதியை மாற்றிக்கொண்டார்கள். மே மாதம் இன்னொரு சட்டம் வந்து, காணொளி வழியாகப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளவும் வழி பிறந்தது.

வேலை இழந்தவர்களுக்கு மாதம் 800 வெள்ளி வரை மூன்று மாதத்துக்குக் கொவிட்-19 ஆதரவு மானியம் இருந்தது. எங்கள் புளோக்கில் வயதான ஆண்ட்டி ஒருவருக்கு விண்ணப்பிக்கும்போது, அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கின் மறைச்சொல்லை மீட்கவே ஒரு காலைப்பொழுது போனது. இணையத்தில் மட்டும் விண்ணப்பம் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் செய்து கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

ஜூம் வழி நீதிமன்றம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

வழக்கு மேலாண்மை, தேதி குறிப்பது போன்றவற்றுக்கு அருமையான ஏற்பாடு. போக்குவரத்து மிச்சம், காத்திருப்பு மிச்சம். தண்டனை விதிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2020 மே மாதம், போதைப்பொருள் வழக்கில் மலேசியர் ஒருவருக்கு ஜூம் வழியாக மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. திரை வழியாக நடந்ததற்கும் பிறகு வந்த விடுதலைக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஒருவரின் உயிரைப் பற்றிய முடிவை அவர் எதிரே இருந்து சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்குத் தமிழ் அவ்வளவு சரளமாக வராது. பயன்படுவேனா?

வீட்டில் பேசுகிற தமிழ் போதும். மெதுவாகப் பேசுங்கள், எண்களை இரண்டு முறை சொல்லுங்கள், தேதியைக் கிழமையோடு சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாத சொல் வந்தால் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்.

தேர்வு நேரத்தில் இதெல்லாம் தேவையா? (பெற்றோர் கேட்பது)

தேர்வு வாரங்களில் நான் அழைப்புகளை எடுக்கவில்லை. குழுவில் முறை வைத்துப் பிரித்துக்கொண்டோம். அது முக்கியம், தனியாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யக்கூடாது. இரவு பதினொன்றுக்கு மேல் அழைப்பு இல்லை என்றும் வைத்திருந்தோம். ஒரு விதிவிலக்கு உண்டு. யாராவது வாழவே பிடிக்கவில்லை என்று பேசினால் நேரம் பார்க்காமல், பயிற்சி பெற்றவரிடம் உடனே இணைக்க வேண்டும். மாணவர் தனக்குத் தெரிந்த ஆறுதலோடு அதை முடித்துக்கொள்ளக்கூடாது.

படிப்புக்கு இது உதவியதா என்றால், ஆமாம். ஒப்பந்தச் சட்டத்தை மூன்று ஆண்டு படித்திருந்தாலும், ஒரு கையெழுத்து ஒரு குடும்பத்தின் சாப்பாட்டில் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை அந்த ஆண்டில்தான் பார்த்தேன்.

பட்டம் வாங்கியதும் வழக்கறிஞர் ஆகிவிடலாமா?

இல்லை. சிங்கப்பூர் சட்டக் கல்விக் கழகம் நடத்தும் பகுதி பி வகுப்பும் தேர்வும் இருக்கின்றன, சுமார் ஐந்து மாதம். 2020-ல் அது இணையத்திலேயே நடந்தது. பிறகு ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சி. எங்கள் காலத்தில் ஆறு மாதம், இப்போது ஓராண்டு. அதன் பிறகுதான் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு. 2020 ஆகஸ்டில் எங்களுக்கு முந்தைய செட்டுக்கு அந்தச் சடங்கு ஜூமில் நடந்தது. வீட்டில் மேலங்கி அணிந்து கணினி முன் நின்ற சீனியர்களைப் பார்த்தபோது எங்களுக்கும் தைரியம் வந்தது.

விடுதி ஊழியர்கள் மற்றவர்களைப் போல எப்போது வெளியே வந்தார்கள்?

ரொம்பத் தாமதமாக. நாமெல்லாம் 2020 ஜூன் 19-லிருந்து கடைக்கும் உணவகத்துக்கும் போகத் தொடங்கிவிட்டோம். விடுதி ஊழியர்களுக்கு வேலைத்தளம், விடுதி, பொழுதுபோக்கு நிலையம், இவ்வளவுதான். 2021 செப்டம்பரில் முன்னோட்டமாக வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்கு வர அனுமதித்தார்கள். வெளியே போகவே அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி 2022 ஜூனில்தான் நீங்கியது. முதல் சில மாதங்களின் கட்டுப்பாடு தேவையானது, அதை நான் ஆதரிக்கிறேன். தடுப்பூசி போட்டு முடித்த பிறகும் அவ்வளவு காலம் நீட்டித்தது நியாயமில்லை. எங்கள் வீடுகளைக் கட்டியவர்கள் அவர்கள்.

இப்போது தொடங்க நினைக்கிறேன். எங்கே போவது?

உங்கள் பல்கலைக்கழகத்தின் இலவசச் சட்ட உதவிக் குழுவில் முதலில் கேளுங்கள். சமூகச் சட்ட ஆலோசனைக் கூடங்களில் விவரம் குறிக்க மாணவர்கள் தேவைப்படுவார்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் அமைப்புகளில் டிடபிள்யூசி2, ஹெல்த்சர்வ் இரண்டும் பல ஆண்டுகளாக இயங்குபவை. தமிழ் தெரிந்தவர் என்று சொன்னால் வரவேற்பார்கள். சட்டம் படிக்காதவர்களுக்கும் அங்கே வேலை உண்டு.

வேலை முடிந்து ஊருக்குத் திரும்பப் போகிறவருக்குச் சம்பளம் பாக்கி. என்ன சொல்வது?

விமானம் ஏறுமுன் புகாரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வேலையில் இருப்பவர் பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டவர் ஆறு மாதத்துக்குள்ளும் பதிய வேண்டும். முதல் படி, டாடெம் என்று எல்லோரும் சொல்லும், அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த முத்தரப்பு அமைப்பில் சமரசப் பேச்சு. அங்கே தீராவிட்டால் வேலை தொடர்பான உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே இரு தரப்பிலும் வழக்கறிஞர் கிடையாது. ஊருக்குப் போன பிறகு தொலைபேசியில் தொடர்வது மிகவும் சிரமம். ஐபிஏ, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வேலை நேரம் எழுதி வைத்த நோட்டு அல்லது காலண்டர், எல்லாவற்றையும் படம் எடுத்து இரண்டு பேரிடம் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். அவர் கைப்பேசி தொலைந்தாலும் படங்கள் இருக்கும்.